தொடை வலிக்குத் தைலம் மட்டும் போதாது

மேடவாக்கம் கூட்ரோடு மெடிக்கல்ஸில் பக்கத்தில் நின்ற அம்மா நீட்டியது கசங்கிப்போன பழைய சீட்டு. வாரம் ஒரு அலெண்ட்ரோனேட். "ஏழெட்டு வருஷமா இதேதாம்மா. எதுக்கு மறுபடி டாக்டருக்குக் காசு?"

நல்ல மாத்திரைதான். எலும்புத் தேய்மானக்காரர்களுக்கு இடுப்பு, முதுகெலும்பு முறிவைக் குறைக்கிறது. எலும்பை அரிக்கும் செல்களை அடக்குவது அதன் வேலை. ஆனால் நுண் விரிசல்களைச் சீராக்கும் பணியைத் தொடங்கிவைப்பதும் அதே செல்கள்தான். பல வருஷம் அடக்கியே வைத்தால் விரிசல்கள் சேரும். விழாமலே, சும்மா நடக்கும்போதே தொடையெலும்பு குறுக்காக முறியலாம். அரிதுதான், ஆனால் கற்பனை இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இலேயே எச்சரித்துவிட்டது. அங்கே வாழும் ஆசியப் பெண்களுக்கு அபாயம் கூடுதல் என்று 2020இல் வெளியான பெரிய ஆய்வொன்று சொன்னது.

பலருக்கு முறிவதற்கு வாரங்கள், மாதங்கள் முன்பே தொடையிலோ தொடை இடுக்கிலோ மந்தமாக வலிக்கும். நம் வீடுகளில் அதற்குத் தைலம் தேய்த்து, "வயசாச்சுல்ல" என்று முடித்துவிடுவோம். எக்ஸ்ரே எடுங்கள், இரண்டு தொடைக்கும். மறு காலிலும் விரிசல் ஒளிந்திருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐந்து வருஷம் தாண்டியிருந்தால், "இன்னும் தொடரணுமா டாக்டர்?" என்று உங்கள் அம்மாவுக்காக நீங்கள் போய்க் கேளுங்கள்.