கயிறு கட்டும் நேரம்

அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் மரத்தில் காத்திருக்க இரண்டு சாதனம் வைத்திருக்கிறார்கள். ஒன்று, பட்டை போட்டு அடிமரத்தில் இறுக்கி மாட்டும் சின்னப் பரண். மற்றொன்று, இடுப்பையும் தொடையையும் தாங்கும் வார்ச்சேணம். தலைக்கு மேலே மரத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றில் அப்படியே சாய்ந்துகொள்ளலாம். சிலர் இரண்டையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பரணில் காலூன்றி நிற்கலாம்; மான் முதுகுப்பக்கம் வந்தால் கயிற்றில் சாய்ந்தபடி மரத்தைச் சுற்றி நகரலாம். பலகை காலுக்கு, கயிறு உயிருக்கு.

சிங்கப்பூரில் அந்த வேட்டைக்கு இடமில்லை. ஆனால் அதே மாதிரிச் சேணத்தை எங்கள் குவீன்ஸ்டவுனில் பார்க்கலாம். தூங்குமூஞ்சி மரத்தின் காய்ந்த கிளை சாலையில் விழுவதற்குள் கழித்தாக வேண்டும். லாரிக்கூடை எட்டும் இடத்தில் கூடை, எட்டாத இடத்தில் கயிற்றில் ஆள். காமன்வெல்த் அவென்யூவில் ஒருநாள் கீழே இறங்கிவந்த புதுக்கோட்டைத் தம்பியிடம் பயமில்லையா என்று கேட்டேன்.

“ரம்பம் ஓடுறப்ப ரெண்டு கயிறுண்ணே. ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு புடிச்சுக்கும்.”

என் தாத்தா உடன்குடிப் பக்கம் பனையேறி. காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள். உடம்பை மரத்தோடு சேர்க்கக் கயிறு கிடையாது. உச்சியில் மட்டைகளுக்கு நடுவே உட்காரும் இடம்தான் அவருடைய பரண். தண்டிலிருந்து மட்டைக்கு மாறுகிற அந்த நொடியில்தான் அவர் தம்பி விழுந்தார். பிறகு எழுந்து நடக்கவேயில்லை. வேட்டைக்காரர்களும் அந்த நொடிக்குத்தான் பயப்படுகிறார்கள். படியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும்போது விழுந்தவர்கள் நிறைய. அதனால்தான் தரையை விட்டுக் கால் எடுக்கும் முன்பே கயிற்றை மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

சின்னத் தாத்தா விழுந்ததை ஊர் ‘விதி’ என்றது. மற்றவர்கள் ஏறியதை ‘வீரம்’ என்றது. இரண்டுமே கயிறு வாங்கித் தராதவர்களுக்கு வசதியான வார்த்தைகள். புதுக்கோட்டைத் தம்பியை யாரும் வீரன் என்று சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

சின்னத் தாத்தாவின் மகன், எனக்குச் சித்தப்பா, இன்னும் பனை ஏறுகிறார். சேணத்தின் படத்தை அவருக்கு அனுப்பினேன். நல்லாருக்கு என்றார். அப்புறம் கேட்டார்:

“இத மாட்டி மாட்டிக் கழட்டுனா ஒரு நாளைக்கு எத்தன மரம்டே ஏற முடியும்?”

பதநீர் காத்திருக்காது. ஏறுகிற மரத்துக்கு மட்டும்தான் அவருக்குக் காசு. இங்கே தம்பிக்கு மாதச் சம்பளம். கயிறு கட்டும் கால்மணி நேரமும் அதில் சேர்த்திதான். இருவருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் துணிச்சலில் இல்லை, அந்தக் கால்மணி நேரத்துக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.