என் கை வேண்டாம், சத்தம் மட்டும் வேணும்

2021 மார்ச் 7 அன்று ‘என்ஜாய் எஞ்சாமி’ வெளியானபோது நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. பிரஸ் மெஷினில் வேலை. அஞ்செட்டியில் முதல் பஸ்ஸைப் பிடித்து, காட்டு வழியாகத் தேன்கனிக்கோட்டை வந்து, அங்கிருந்து கம்பெனி பஸ் ஏற வேண்டும். சில மாதங்கள் கழித்து அதே பாட்டின் ரீமிக்ஸ் வந்தது. செய்தவர் பிரான்ஸ் நாட்டு டிஜே ஸ்னேக். அதற்குப் பிறகு எங்கள் பஸ்ஸில் தினமும் ஒரே சண்டைதான்: ஒரிஜினலா, ரீமிக்ஸா?

“ஒரிஜினல்ல கதை ஜாஸ்திணா. ரீமிக்ஸ்ல அடி ஜாஸ்தி. நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவனுக்குக் கதை எதுக்கு?” என்பான் பின் சீட்டுப் பையன். நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் நிற்பவனுக்கு மெஷின் போல அடிக்கும் பாட்டு பிடித்துப்போவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனேக்கல் பக்கத்துக் கன்னடப் பையன் ஒருவன், “வார்த்தை புரியல்ல. ஆனா மொதல் பாட்டுல நம்ம தமட்டெ மாதிரி ஏதோ இருக்கு, இதுல இல்ல” என்றான். அசெம்ப்ளி லைனில் வேலை செய்யும் அக்கா, “எனக்கு ரெண்டும் வேணாம்ப்பா. வீடியோல அந்தப் பாட்டி உக்காந்திருக்கிற இடம் போதும், எங்க ஆயா மாதிரியே இருக்கு” என்றார்.

ஒருநாள் நான் கேட்டேன்: “சரி, இந்தப் பாட்ட எழுதுனது யாரு?”

ஒருவன் பாடகி தீ என்றான். இன்னொருவன் சந்தோஷ் நாராயணன் என்றான். மூன்றாமவன்தான், “அந்தக் கண்ணாடி போட்ட பையன், கூட ராப் பண்ணுவானே” என்றான். பெயர் அவனுக்கும் வரவில்லை.

அந்தப் பையன் அறிவு. அரக்கோணத்துக்காரர், ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையில் வளர்ந்தவர். வீடியோவில் உட்கார்ந்திருக்கும் பாட்டி வள்ளியம்மாள், அவருடைய சொந்தப் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி வந்தவர். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று எழுதினார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்களுக்கு அந்த மண்ணிலும் பட்டா இல்லை, வந்த மண்ணிலும் இல்லை. பாட்டின் கதை அதுதான். நைட் ஷிஃப்ட் முடித்தவனுக்கு ஜாஸ்தியாகத் தெரிந்த கதையும் அதுதான்.

பிறகு நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் பாடகி தீயும், ‘நீயே ஒளி’ பாடிய ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாட்டிலும் எழுத்துப் பங்குள்ள அறிவு அட்டையில் இல்லை. ரீமிக்ஸ் விளம்பரங்களிலும் அவர் எங்கே என்று ரசிகர்கள் கேட்டார்கள். பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். அதன் பிறகுதான் அந்த இதழ் அறிவுக்கு என்று தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமர் வந்திருந்த மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு அங்கும் இல்லை. பாட்டில் தன் உழைப்பு என்ன என்று அவர் இன்ஸ்டாகிராமில் எழுத வேண்டி வந்தது.

ரசிகர்கள் உடனே இரண்டு கட்சி ஆனார்கள். சந்தோஷ் நாராயணன் இல்லாமல் இந்தப் பாட்டு உண்டா என்றது ஒரு கட்சி. நியாயமான கேள்விதான். ‘அட்டகத்தி’யில் தொடங்கி ‘காலா’ வரை ரஞ்சித்தின் படங்களுக்கு ஒலி கொடுத்தவர் அவர். தன் பங்கை மறைத்தார் அறிவு என்றும் அந்தக் கட்சி சொன்னது. உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் விளக்கம் தந்தார். 2024 மார்ச்சில் அவரே, மூன்று வருடத்தில் இந்தப் பாட்டிலிருந்து ஒரு பைசாகூடத் தன் கைக்கு வரவில்லை என்றும் சொன்னார். பல கோடிப் பேர் பார்த்த பாட்டின் நிலை இது. ஆக, மூன்று பேருமே எங்கோ ஓரிடத்தில் இழந்தவர்கள்தான். ஆனால் பணம் மூவருக்கும் வராமல் போனபோதும், பெயர் ஒருவருக்குத்தான் திரும்பத் திரும்ப விடுபட்டது. அது ஏன் என்று கேட்டால் “எல்லாத்துலயும் சாதிய இழுக்காதீங்க” என்றார்கள்.

நான் இழுக்கவில்லை. எங்கள் வீட்டில் அது ஏற்கெனவே இருந்தது.

என் அப்பா பறை அடிப்பவர். எங்கள் பக்கம் தப்பட்டை என்பார்கள், கன்னடக்காரர்கள் தமட்டெ என்பார்கள். ஊர்த் திருவிழாவுக்கு அடித்தால் ராகியும் கொஞ்சம் காசும். சாவுக்கு அடித்தால் சாராயம். பெரியவர்களைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும். அதே வார்த்தையால்தான் எங்கள் ஆயா என்னைத் தூக்கிக் கொஞ்சுவார். ‘எஞ்சாமி’ என்று பாட்டில் கேட்டபோது எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தது.

இயக்கத்துக்கு வந்த புதிதில் நான் அப்பாவிடம் சண்டை போட்டேன். சாவு வீட்டில் அடிக்காதே, தப்பட்டையைக் கீழே வை என்றேன். சாவுக்கு அடிப்பதை விட்டுவிட்டார். திருவிழாவுக்கு மட்டும் போனார். “அது என் கை பேசறது, நீ அதுல தலையிடாத” என்றார்.

ஒரு வருடம் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் செட் போட வந்தவர் அப்பா அடிப்பதைச் செல்போனில் பதிவு செய்துகொண்டார். அடுத்த வருடம் ஊரில் அப்பாவைக் கூப்பிடவில்லை. சாமி ஊர்வலத்தில் பெரிய பெரிய பாக்ஸ் கட்டிய டிராக்டர் வந்தது. மெஷின் அடிக்கு நடுவில் அப்பாவின் அடி கேட்டது. எங்களுக்கு அது தெரியாமல் போகுமா? மூன்றாவது சுற்றில் இடது கையால் ஒரு எட்டு பிந்தி வைப்பார், அது அப்படியே இருந்தது. ஊர்ப் பையன்கள் ஆடினார்கள். எங்கள் தெருப் பையன்களும் தள்ளி நின்று ஆடினார்கள்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “என் கை வேண்டாம்னுட்டாங்க. சத்தம் மட்டும் வேணும்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

தோழர்களே, ரீமிக்ஸ் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நாட்டுப்புறப் பாட்டு முழுக்க ரீமிக்ஸ்தான். ஒப்பாரி ஒவ்வொரு சாவிலும் மாறும், ஒவ்வொரு வாயிலும் புதுசாகும். ஆனால் அங்கே பாடுகிறவள் முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஆளை எடுத்துவிட்டுச் சத்தத்தை வைத்துக்கொள்வது வேறு. தொட்டால் தீட்டு என்று சொன்ன சமூகத்துக்குப் பதிவு செய்த ஒலி வசதியாகப் போய்விட்டது. தொடாமலே ஆடலாம்.

சட்டம் இதை ஏற்றுக்கொள்வதில்லை என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 57ஆம் பிரிவு இருக்கிறது. உரிமையை விற்றுவிட்டாலும், இது என் படைப்பு என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும். 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவு, நிகழ்த்துகிற கலைஞருக்கும் தன் நிகழ்ச்சிக்குத் தன் பெயரைக் கேட்கும் உரிமை தந்தது. அந்தச் சட்டத்தில் இசைப்பவரும் கலைஞர்தான், அவர் சபாவில் வாசித்தாரா தெருவில் அடித்தாரா என்று அது கேட்கவில்லை. சட்டத்தின் கண்ணில் என் அப்பா கலைஞர். ஊரின் கண்ணில் ‘அடிக்கிறவன்’.

இதை எழுதுவதற்காக எங்கள் பழைய நோட்டீஸ்களை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள் விழா, ஆறு வருட நோட்டீஸ். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை என்று எல்லாருக்கும் பெயர், பெயருக்குப் பின்னால் பட்டம். என் பெயரும் இருக்கிறது. கடைசி வரியில் ஆறு வருடமும் ஒன்றேதான்: ‘பறை முழக்கம் உண்டு’. அடித்தது யார்? அப்பாவும் அவருடைய கூட்டாளிகள் நான்கு பேரும். அவர்கள் பெயர் ஒரு வருடம்கூட இல்லை. அச்சகத்துக்கு எழுதிக்கொடுத்தது நான்தான்.

அறிவின் பெயர் எங்கே என்று முகநூலில் ஊரையெல்லாம் கேட்டேன். அப்போதும் இது என் கண்ணில் படவில்லை.

அந்த ஐவரில் இரண்டு பேர் இப்போது இல்லை. இந்த வருட நோட்டீஸில் ஐந்து பெயரும் போட வேண்டும் என்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “செத்தவங்க பேர மேல போடு” என்றார்.

ஜெய் பீம்.