மாமியின் கூலி

ஹட்டன் பஸ் நிலையத்துக்குச் சற்று மேலே ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை இருக்கிறது. முதலாளி காசு வாங்குவார்; மகன் ரொட்டி தட்டுவார்; உள்ளே சமைப்பது அவருடைய மனைவி. சனிக்கிழமைகளில் டியூஷன் முடிந்ததும் வாப்பாவும் நானும் அங்கேதான் பகல் சாப்பிடுவோம்.

சோறு, பருப்பு, கோவா வறை, தேங்காய்ச் சம்பல், ஒரு துண்டு கருவாடு. எல்லாம் வீட்டு ருசி. சோறும் பருப்பும் கேட்கக் கேட்க வரும். நம் தேயிலையை வாங்கும் துருக்கியிலும் ‘லொக்கந்தா’ என்ற சிறிய கடைகள் உண்டு. அங்கே அவரை விதைக் கறியும் சோறும் தொழிலாளரின் பசியாற்றுகின்றன.

2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவானது. மறுவருடமே அரிசி, மா, கேஸ் எல்லாம் கைக்கெட்டாத விலைக்குப் போயின. கேஸ் இல்லாத நாட்களில் மாமி விறகடுப்பில் சமைத்தார். கறியில் ஒன்று குறைந்தது, சோறு குறையவில்லை. “கொழுந்தெடுக்கிற ஆக்களுக்கு அரை வயித்துக்குப் போட ஏலாது மகள்” என்றார்.

அரிசிக்கும் விறகுக்கும் கணக்குப் பார்த்தே சாப்பாட்டுக்கு விலை வைக்கிறார்கள். சுபஹுக்கு முன்பே எழுந்து தேங்காய் துருவும் மாமியின் கூலி அந்தக் கணக்கில் இல்லை. தோட்டத்துப் பெண்ணின் சம்பளத்துக்குப் பேச்சுவார்த்தையாவது நடக்கிறது. மாமிக்காக யார் பேசுவது?

அவருடைய கைகளுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. துஆவோடு நின்றுவிடாமல், நம் உம்மாமாரின் உழைப்பையும் ஒருநாள் கணக்கெடுத்துப் பார்ப்போம், தோழியரே.