தொடாமல் கேட்கும் விலை

மூட்டையில் கை வைக்காமல் விலை கேட்பவரை வியாபாரி என்று செம்மேட்டுப் பெரியவர் ஒப்புக்கொள்வதே இல்லை. கொல்லிமலையில் மிளகு வாங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறக்கி, ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் அனுப்பியே ஆளானவர். போன தையோடு கடையை அக்கா மகனிடம் விட்டுவிட்டார். விட்டதில் வருத்தமில்லை. அந்த மருமகன் போகிறபோக்கில் சொன்ன ஒரு பேச்சுதான் இன்னும் ஆறவில்லை: "இனிமே சாக்குக்குள்ள கைய விட வேண்டாம் மாமா. ஏலம் முடிய மூணு செகண்ட் இருக்கறப்போ சாஃப்ட்வேரே நம்ம விலையைப் போட்டுரும்."

இந்த வித்தை பழையது. 1995-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே தளத்தில் ஏலத்துக்கு முடிவு நேரம் முன்பே குறிக்கப்பட்டிருக்கும். கடிகாரம் அங்கே வந்ததும் கடை மூடிவிடும். எந்தப் பொருள், எவ்வளவு வரை போகலாம் என்று மென்பொருளிடம் சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம். அது கடைசிச் சில நொடி வரை வாயே திறக்காது. திறக்கும்போது மற்றவர் மறுவிலை கேட்க நேரமிருக்காது. 'ஸ்னைப்பிங்' என்று அதற்குப் பெயர், மறைந்திருந்து சுடுவது.

ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கென்ஃபெல்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து 2002-இல் எழுதினார்கள். ஈபேயில் பழம்பொருள் ஏலங்களில் 59 சதவீதத்தில் கடைசிக் கேள்வி இறுதி ஐந்து நிமிடத்துக்குள் விழுந்திருந்தது. கணினி ஏலங்களில் 40 சதவீதம். அப்போது அமேசானும் ஏலம் நடத்திக்கொண்டிருந்தது. அங்கே கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் ஏலம் தானாக நீளும். அங்கே இந்த எண்ணிக்கை சுமார் 3 சதவீதம்தான். மென்பொருள் எவ்வளவு வேகமாக இருந்தாலும், மணி நீளும் இடத்தில் அதற்கு வேலையில்லை.

பழம்பொருளில் மட்டும் ஏன் கூடுதல்? அசல் எது, போலி எது என்று தெரிந்தவர் முன்கூட்டி விலை சொன்னால், தெரியாதவரும் அவரைப் பார்த்து ஏற்றுவார். அதனால் தெரிந்தவர் கடைசிவரை பேசமாட்டார். இதைப் பெரியவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது எதற்காக? பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக்கூடாது என்றுதான். சரக்கு தெரிந்தவர் தன் மதிப்பீட்டை மூடிவைப்பதில் குற்றமில்லை என்பார் அவர். மூடிவைக்க உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்த 'ஏதாவது' அவருக்கு ராசிபுரத்து மண்டிக்காரர் ஒருவரிடம் கிடைத்தது. அவர் பேசிக் கற்றுக்கொடுத்தவர் அல்லர். வரிசையாக மூட்டைகளை அடுக்கி, குத்தூசியால் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் சரக்கு எடுத்து, அப்போது பையனாக இருந்த இவரைக் கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் கொட்டுவார். கனமா, லேசா? விரலிடுக்கில் உருட்டு. உதட்டருகே வைத்து ஊது. எத்தனை பொக்கு பறக்கிறது? முன்பல்லில் ஒன்றைக் கடி. காய்ந்த மிளகு டக்கென்று உடையும். ஈரமிருந்தால் நசுங்கும், சத்தமே வராது. தகரத் தட்டில் ஒரு பிடியை உதறு. நல்ல சரக்கு கலகலக்கும், ஈரச் சரக்கு மந்தமாக விழும். பிறகு உள்ளங்கையை முகர்ந்து பார். பூஞ்சை வாடை வந்தால் சாணிக்களத்தில் மழை பட்டிருக்கிறது. பளபளப்பு கையோடு ஒட்டிக்கொண்டு மண்ணெண்ணெய்போல மணத்தால் அந்த மூட்டையை விட்டு நகர்ந்துவிடு.

பளபளப்பு விஷயம் சாதாரணமல்ல. 2012 இறுதியில் கொச்சியில் கனிம எண்ணெய் பூசிய மிளகு என்று சொல்லிக் கிடங்குகளுக்கே முத்திரையிட்டார்கள். எண்ணெய் பூசிய மிளகு செல்போன் படத்தில் மற்றதைவிட அழகாகத் தெரியும்.

பையன் எல்லாம் சொன்ன பிறகுதான் மண்டிக்காரர் லிட்டர் படியில் அளந்து தராசில் வைப்பார். லிட்டருக்கு 550 கிராம் நின்றால் தலையசைப்பு. 500-க்குக் கீழே போனால் முகமே மாறும். கை முன்பே சொன்னதும் தராசு சொல்வதும் ஒத்துவர ஒரு பருவம் போதாது. மிளகுக் காலம் தை முதல் பங்குனி வரைதானே. மீதி மாதம் முழுக்கக் கை மறந்துவிடும். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கரிமுண்டா ரகத்தின் சிறுமணி வேறு, 1971-இல் வெளிவந்த பன்னியூர்-1 கலப்பினத்தின் பெருமணி வேறு. பறித்ததைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கிக் காயவைத்ததா, அப்படியே காயவைத்ததா என்பதும் கைக்குத் தெரிய வேண்டும். இதைக் கற்க இன்று யார் உட்காருகிறார்கள் என்று கேட்டால் பெரியவர் குரல் உயர்ந்துவிடுகிறது. ஈரமானியைக் குத்திப் பார்க்கக்கூடப் பையன்களுக்குப் பொறுமையில்லை என்கிறார்.

மருமகன் ஜெயித்த முதல் சரக்கையே எடுத்துக்கொள்ளலாம். இணைய ஏலம் ஒன்றில், கடைசி நொடியில், எதிராளி வாயடைத்துப்போக வாங்கிய நூறு கிலோ. வந்து இறங்கியபோது ஈரம் 15 சதவீதம். 11-க்குக் காயவைத்தால் நிற்பது 95 கிலோ சொச்சம். கிலோ அறுநூறு ரூபாய் என்று வைத்தாலும் 2,700 ரூபாய் களத்திலேயே ஆவியாகிவிட்டது. யாரையும் முந்தாமல், சரக்கைப் பார்த்து இருபது ரூபாய் குறைத்துக் கேட்டிருந்தால் இந்த நஷ்டத்தில் பெரும்பகுதி வந்தே இருக்காது. எதிராளி அந்த நொடியில் வாயடைத்தாரா, சரக்கு தெரிந்து விலகினாரா என்பதைச் சாஃப்ட்வேர் சொல்லாது.

பெரியவர் கணினிக்கு எதிரி அல்லர். போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தைப் புகழ ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். நறுமணப் பொருள் வாரியத்தின் அந்தக் கூடத்தில் விலை ஏறுவது திரையில்தான். 2021-இல் புற்றடி கூடத்தையும் போடியையும் ஒரே நேரலை ஏலமாக இணைத்தும் விட்டார்கள். ஆனால் ஒவ்வொரு லாட்டுக்கும் மாதிரி கைக்கு வரும். வியாபாரி தட்டில் கொட்டி, கிளறி, நிறம் பார்த்து, வேண்டாததைக் கீழே தள்ளுவார். ஏலம் முடியும்போது தரையெல்லாம் பச்சை ஏலக்காய். விலை ஏறிக்கொண்டிருக்கும்வரை லாட்டு முடியாது. கேட்பார் ஓய்ந்த பிறகே முடியும். அங்கே மூன்று செகண்ட் காத்திருப்பவருக்கு ஒரு லாபமும் இல்லை.

2016 ஏப்ரல் 14-இல் தொடங்கிய இ-நாம் என்ற இணைய வேளாண் சந்தையிலும் தரப் பரிசோதனை முடிவை ஏற்றிவிட்டுத்தான் ஏலம் என்பது விதி. விதி நல்லது, அதைக் காக்கும் ஆட்கள் வேண்டும் என்பது அவர் குறை. செல்போனில் கேட்கட்டும், சேலத்திலிருந்தே கேட்கட்டும். மலை மிளகை எந்தத் தளத்தில் ஏலம் விட்டாலும், லாட்டுக்குக் கால் கிலோ மாதிரியை முதல் நாளே கேட்பவர் கையில் கொடுக்க வேண்டும். லிட்டர் எடையும் ஈரமும் எழுதியிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் யாராவது விலை ஏற்றினால் மணி நீள வேண்டும். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி மருமகனிடம் கொடுத்திருக்கிறார். அடுத்த தைக்குள் கூட்டுறவுச் சங்கத்தில் அதைப் பேசாவிட்டால் தானே போய்ப் பேசப்போவதாகச் சொல்லியும் வைத்திருக்கிறார்.