குழந்தையுடன் நயினாதீவுக்கு

யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்திலிருந்து குறிகட்டுவான் துறைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம். அங்கிருந்து இயந்திரப் படகில் நயினாதீவை அடைய ஏறக்குறைய 20 நிமிடம். இது வளர்ந்தோர் கணக்கு. மூன்று வயது நிரம்பாத பிள்ளையை உடன்கொண்டு செல்வோர் இக்கணக்கை நம்பிப் புறப்படுதல் ஆகாது.

சென்ற பாடசாலை விடுமுறையில் நாமும் மனைவியாரும் எம் அன்னையாரும் நாகபூசணி அம்மனைத் தரிசிக்கப் புறப்பட்டோம். உடன் வந்தவன் எமது கடைக்குட்டி. வயது 2, மாதம் 8. பெரியவர் மூவருக்கும் ஒரு கைப்பை போதுமாயிருந்தது. அவன் ஒருவனுக்கு இரண்டு பைகள்: மாற்றுடுப்புகள், சுடுதண்ணீர்ப் போத்தல், வாழைப்பழம், மாரி பிஸ்கட், இக்காலத்தார் 'பம்பஸ்' என வழங்கும் அணையாடை, இவற்றோடு அவன் பிரிய மறுத்த கால் ஒடிந்த மரயானை. அரசர்கள் படையெடுத்தபோதும் இத்துணை ஆயத்தம் செய்திருப்பார்களோ என்பது ஐயமே.

பண்ணைப் பாலத்தின் இருமருங்கும் பரவைக் கடல். மீனவர் நாட்டிய களங்கட்டிக் கம்புகள் வரிசையாய் நிற்க, ஆங்காங்கே கொக்குகள் தவமிருந்தன. வகுப்பிற் பாடம் நடத்தும் பழக்கத்தால் நாம் அவற்றை ஒவ்வொன்றாய்ச் சுட்டிக்காட்டினோம். மாணாக்கனோ, முன்னிருக்கையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரின் வழுக்கைத் தலையை ஆராய்ந்துகொண்டிருந்தான். அல்லைப்பிட்டி தாண்டுமுன் அதனைத் தட்டியும் பார்த்துவிட்டான். பெரியவர் திரும்பி, "தட்டு ராசா, உள்ளுக்கை ஒண்டுமில்லை" என்றார். பேருந்து முழுவதும் சிரித்தது. மண்கும்பானை அடையும்போது அவர் மடியில் அமர்ந்து, பாதி கடித்த பிஸ்கட்டை அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். அவரும் மறுக்காமல் உண்டார்.

வேலணையைக் கடந்து கடல்மேற் செல்லும் நீண்ட பாலத்தைத் தாண்டினால் புங்குடுதீவு. எம் அன்னையார் பிறந்து வளர்ந்த ஊர் அது; எமதும் அதுவே. 1991 ஆம் ஆண்டு தீவக மக்கள் இடம்பெயர்ந்தபோது எமக்கு வயது 10. கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்திப் பொருளீட்டி, ஊரிற் கல்வீடு கட்டி மகிழ்ந்தவர்கள் இவ்வூரார். அவ்வீடுகளுட் பல இன்று கூரையிழந்து, சுவரைப் பிளந்து ஆலும் அரசும் வளர நிற்கின்றன. மீண்டு வந்து குடியேறினோர் சிலர். கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் வேரூன்றிவிட்டோர் பலர்.

நயினைக்குச் செல்லும்போதெல்லாம் எம் அன்னையார் இங்கே கண்களை மூடிக்கொள்வார். துறைக்கு வந்த பின்னரே திறப்பார். அம்மனைத் தியானிக்கிறார் என்று நாம் பிறருக்குச் சொல்லிக்கொள்வது வழக்கம். ஊரில் இறங்குவோமா என்று ஓரிருமுறை கேட்டதுண்டு. விடை வந்ததில்லை.

இம்முறை கண்மூடப் பேரன் விடவில்லை. இவ்வயதுப் பிள்ளைக்கு ஒரு கேள்வி வாய்த்துவிட்டால் அன்றைய பொழுது அதற்கே உரியது. அன்றைய கேள்வி, "இது ஆற்றை வீடு?" என்பது. முதற் பாழ்வீட்டுக்கு ஐந்துமுறை கேட்டான். விடை வராமையால், தன் சிறு விரல்களால் அப்பாச்சியின் இமைகளைப் பிடித்து உயர்த்தினான்! அவர் பார்க்க வேண்டியதாயிற்று.

"அது தபாற்காரர் வீடு."

"இது?"

"கண்டிக் கடைக்காரற்றை."

"ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை, அப்பு."

"ஏன்?"

இருபது ஆண்டுகளாக மாணவர் வினாக்களுக்கு விடை கூறிவரும் எமக்கும் அப்போது வாய் எழவில்லை. அடுத்த வளைவில் அன்னையார் தாமாகவே, "அது எங்கடை வீடு" என்றார். அவ்வளவுதான். எங்கள் வீடு என்றால் இறங்க வேண்டுமன்றோ? "இறங்கு, இறங்கு" என்று குறிகட்டுவான் வரை அவன் இட்ட கூக்குரலைப் பேருந்தின் இரைச்சலும் வெல்ல இயலவில்லை.

படகில் அவனுக்குக் கிடைத்த உயிர்காப்பு அங்கி வளர்ந்தோர் அளவினது. அதனுள் அவன் முற்றாக மறைந்தான். மேலே மரயானை மட்டும் தெரிந்தது. அலை சிறிது எழுந்த வேளையில் நாம் எல்லாத் தெய்வங்களையும் வேண்டினோம். அவன் கடலைத் தொட வேண்டும் என்று அடம்பிடித்தான். கடல் தானே வந்து அவனைத் தொட்டது. முதலாவது மாற்றுடுப்பு அங்கே தீர்ந்தது.

தரிசனம் நன்றாய் நிறைவேறியது. மணிமேகலை காப்பியம் கூறும் மணிபல்லவம் இத்தீவே என்பர் அறிஞர் சிலர். அமுதசுரபி கிடைத்த இடமும் அதுவே. வீட்டில் காகத்தையும் பூனையையும் காட்டி ஒரு மணி நேரம் மன்றாடினாலும் ஐந்து வாய் உண்ணாத எம் பிள்ளை, அன்னதானப் பந்தியில் அந்நியர் நடுவே சம்மணமிட்டு, "சோச்சி, இன்னும்" என்று இருமுறை கேட்டு வாங்கி உண்டான். மனைவியாருக்குச் சிறிது மனத்தாங்கல்தான். பூசணிக்கறி உடுப்பில் இறங்கியதால் இரண்டாவது மாற்றுடுப்பும் போயிற்று.

திரும்பும் பேருந்தில் அவன் உறங்கிவிடுவான் என்று எண்ணினோம். உறங்கவில்லை, ஆயினும் கேள்வியை மறந்திருந்தான். அந்த வளைவு நெருங்கியபோது எம் அன்னையார் எழுந்து நின்று, "தம்பி, இறக்கம்!" என்று நடத்துநரிடம் கூறினார். நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பின்னால் இறங்கினோம்.

கிணறு இருந்தது, துலாவும் மூடியும் இல்லை. மனைவியார் பிள்ளையின் இடுப்பை இறுகப் பிடித்துக்கொள்ள, அவன் கல்லிட்டு ஓசை கேட்டான். அன்னையார் சுவர்களினூடே நடந்து, "இது குசினி, இது சாமியறை" என்று அவனுக்குக் காட்டினார். கூரையற்ற கூடத்தில் நின்று, "இஞ்சைதான் கொப்பா தவண்டவர்" என்றார். சொல்லி முடியுமுன் அவன் குனிந்து, கையும் முழங்காலும் ஊன்றி, ஆட்டுப் புழுக்கையும் சருகும் நிறைந்த அத்தரையில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தவழ்ந்தான். மனைவியார் பதறினார். அன்னையார் தடுக்கவில்லை, சிரித்தார், பின்னர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த பேருந்து வர ஒரு மணி நேரம் சென்றது. உடுப்புகள் யாவும் தீர்ந்துவிட்டமையால், எமது சால்வையைச் சுற்றிக்கொண்டே அவன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தான்.