செவலைக்கு இழுப்பு

போன ஐப்பசியில் மழை பிடித்ததிலிருந்து எங்கள் செவலைக்கு இருமல். செவலை என்றதும் மாடு என்று நினைத்துவிடாதீர்கள். அது அப்பாவோட மட்டக்குதிரை.

எங்க ஊர்ப்பக்கம் ரயிலில் வந்தவர்களுக்குத் தெரியும், ஸ்டேஷன் தேவகோட்டைக்குள் இல்லை. ரஸ்தாவில் இறங்கி ஊருக்கு வரணும். அந்தக் காலத்தில் அதற்குக் குதிரை வண்டிதான். அப்பா அங்கே வண்டி ஓட்டியவர். டவுன் பஸ், ஆட்டோ எல்லாம் வந்தபிறகு வண்டியை விற்றுவிட்டு வயலுக்கு வந்தார். ஆனாலும் குதிரை இல்லாமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் செவலையைப் பிடித்து வந்தார். சின்ன வண்டியில் பூட்டி வயலுக்குப் போவார், புல்லுக்கட்டு ஏற்றி வருவார்.

குதிரை இருமினால் சளி என்றுதான் நினைப்போம். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். குளிரக் கூடாது என்று கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினார். தரையில் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் பரப்பினார். சாயங்காலம் கொசுவுக்கு வேப்பிலை மூட்டம் வேறு. பத்து நாளில் இருமல் இழுப்பாக மாறியது. சும்மா நிற்கும்போதே மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து அடங்கியது. மூச்சை வெளியே விடும்போது வயிறு இரண்டு தடவை எக்கியது.

பார்க்க வந்த தரகர் ஒருத்தர், "நெஞ்சு போன குதிரைண்ணே. வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரி அவர் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் கால்நடை டாக்டரைக் கூட்டி வந்தேன். மூக்கில் மஞ்சளாகக் கெட்டிச் சளி வருதா, உடம்பில் கட்டி, புண் இருக்கா என்றுதான் முதலில் கேட்டார். அப்படி இருந்தால் மனுஷனுக்கும் தொற்றுகிற நோயாக இருக்கலாமாம். ரத்தம் எடுத்து ஹரியானாவில் ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்ப வேண்டியிருக்குமாம். நல்லவேளை, அதெல்லாம் இல்லை. காய்ச்சலும் இல்லை. அப்புறம் வாட்சைப் பார்த்துக்கொண்டே விலாவை எண்ணினார்.

"சும்மா நிக்கிற குதிரை நிமிஷத்துக்கு எட்டுல இருந்து பதினாறு மூச்சு விடணும். இது முப்பத்தாறு விடுது. மனுஷன்னா மூக்கடைச்சா வாயால விட்டுக்குவான். குதிரையால அது முடியாது. மூக்கு மட்டும்தான் அதுக்கு."

சொல்லிவிட்டு, கீழே கிடந்த வைக்கோலில் ஒரு பிடி எடுத்து வெயிலில் உதறினார். புகை மாதிரி சாம்பல் நிறத்தில் தூசி கிளம்பியது. நனைந்து காய்ந்த பழைய போர் அது. "பூசணம். இதுதான் நோய். மனுஷனுக்கு வர்ற ஆஸ்துமா மாதிரி. குளிர் நாட்டுல, குளிர்காலம் பூரா லாயத்துக்குள்ள அடைச்சுக் காய்ஞ்ச புல் போடுற குதிரைங்களுக்கு நிறைய வரும்."

"இதே வைக்கோலைத்தான் மாடும் திங்குது. அதுக்கு ஒண்ணும் செய்யலையே சார்?" என்று அப்பா கேட்டார்.

"ஒரே தூசியில நாலு பேர் நின்னா நாலு பேருக்குமா இழுக்குது? ஒத்துக்காத உடம்புக்குத்தான் இழுக்கும்."

மூச்சுக்குழாய் வீக்கம் வடிய ஊசி போட்டார், சில நாளைக்கு மாத்திரை கொடுத்தார். "இதை நம்பியே ஓட்டாதீங்க. ரொம்ப நாள் கொடுத்தா குளம்புக்கு ஆபத்து. தூசி போனாத்தான் இழுப்பு போகும்" என்றார்.

டாக்டர் போனபிறகு அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. குதிரைக்கு நல்லது என்று அவர் செய்த ஒவ்வொன்றும் அதன் மூச்சை அடைத்திருக்கிறது. அதை நான் சொல்லவேண்டி வரவில்லை. அவரே சொன்னார்: "ரஸ்தாவுல எங்கடா கொட்டகை? புளியமரத்தடிதான். மழை பேஞ்சா நனையும், காத்தடிச்சாக் காயும். அருகம்புல்லும் ஊறவச்ச கொள்ளும்தான் தீனி. ஒண்ணும் இழுத்துக்கிட்டுக் கிடக்கல."

அன்றே தார்ப்பாயை அவிழ்த்தோம். கூரை மட்டும் போதும், நாலு பக்கமும் காற்றுக்கு விட்டாச்சு. வைக்கோலை வாரிவிட்டு வெறும் செம்மண் தரையாக்கினோம். மூத்திர ஈரத்தை உடனுக்குடன் அள்ளிவிடுகிறோம், அந்த நெடியும் நெஞ்சுக்கு ஆகாது. கூட்டும்போது தண்ணீர் தெளித்து, குதிரையை வெளியே கட்டிவிட்டுத்தான் கூட்டுவது. மூட்டம் கிடையாது. வரப்புப் புல்தான் முக்கியத் தீனி. புல் கிடைக்காத நாளில் மட்டும் நல்ல வைக்கோலாகப் பார்த்து அரைமணி நேரம் தொட்டியில் ஊறவைத்து, ஈரத்தோடு போடுகிறோம். மிச்சம் கிடந்தால் எடுத்துவிட வேண்டும், நம்ம வெயிலுக்குச் சீக்கிரம் புளித்துப்போகும். தீனியைத் தரையோடு தாழ்வாக வைக்கிறோம். தலை குனிந்து தின்றால் சளி தானாக வடியும்.

மூன்று வாரத்தில் மூச்சு பதினெட்டுக்கு இறங்கியது. அப்புறம் பதினாலு. அப்பா தினமும் காலையில் என் செல்போனை வாங்கி நிமிஷம் பார்த்து எண்ணுகிறார்.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் ஒருதரம் வந்தால் ஆயுசுக்கும் கூடவே இருக்குமாம். தை அறுப்புக்கு மெஷின் வயலில் இறங்கிய அன்று ஊரெல்லாம் தூசி. செவலை மறுபடி ரெண்டு தடவை இருமியது. நான் ஓடிவந்து பார்த்தேன், கட்டுத்தறி காலி. அதற்குள் அப்பா அதை அவிழ்த்துக்கொண்டு கண்மாய்க் கரைக்கு நடந்துகொண்டிருந்தார்.

அந்தத் தரகர் மாசியில் மறுபடி வந்தார். அப்பா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். விலை பேசவில்லை.