ஓக்லியில் ஒரு மாலை

மெல்பேண் மாநகரிற் சில வாரங்கள் தங்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. நம் தங்கையின் குடும்பம் அங்கே வாழ்கின்றது. இலையுதிர்காலத்துக் குளிர்மிகுந்த மாலையொன்றில், பல்கலைக்கழகத்திற் பயிலும் மருமகன், "மாமா, இன்றைக்குக் கிரேக்கர் கடையிற் சாப்பிடுவோமா?" என்றான். பிளேட்டோவையும் அரிஸ்டோட்டிலையும் பற்றி வகுப்பறையிற் பேசியே காலங்கழித்த நாம், அவர்தம் வழிவந்தோர் எதை உண்கிறார்கள் என்று ஒருநாளேனும் எண்ணியதில்லை. உடனே புறப்பட்டோம்.

ஓக்லி என்பது நகரின் நடுவிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஊர். புகையிரதத்தால் இறங்கிச் சிறிது நடந்தால், வாகனங்கள் புகாத வீதியொன்று. இருமருங்கும் கோப்பிக் கடைகள். சிறு கிண்ணங்களை முன்வைத்துக்கொண்டு உரத்த குரலில் வாதாடும் முதியவர்களைக் கண்டபோது, நம்மூர்ச் சந்திக் கடைகளின் அரசியல் அரங்குகளே நினைவுக்கு வந்தன.

நாம் சென்ற கடையோ மிகச் சிறியது. நிமிர்த்தி நிறுத்திய கம்பியில் இறைச்சித் துண்டங்கள் அடுக்கடுக்காகக் கோக்கப்பட்டு, அனலின் முன்னே மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. மேலடுக்கின் கொழுப்பு உருகி வழிந்து கீழடுக்குகளை நனைக்கின்றது. வெந்த புறப்பகுதியை மட்டுமே நீண்ட கத்தியாற் சீவுகின்றனர். உள்ளிருப்பது அடுத்து வருபவர்க்காக வேகத் தொடங்குகின்றது. கிரேக்க நாட்டிற் பன்றியிறைச்சியே பெருவழக்கு என்று கேள்விப்பட்டிருந்தமையால் நாம் சற்றே தயங்கினோம். "இது ஆடு, மாமா" என்று மருமகன் உறுதி கூறிய பின்னரே மனம் அமைந்தது.

சூடேற்றிய தட்டை ரொட்டியில் இறைச்சியும் தக்காளியும் பச்சை வெங்காயமும் வைத்து, அதன்மேல் வெண்ணிறக் குழம்பொன்றை இட்டுத் தாளிற் சுருட்டித் தந்தனர். நீர்வடித்த தயிரில் வெள்ளரிக்காயைத் துருவிப்போட்டு, உள்ளியும் ஒலிவ எண்ணெயும் சேர்த்தது அது. நம் பச்சடிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் எனலாம். இலையில் உண்டு பழகிய நமக்கு அச்சுருளை உண்பது பெரும்பாடாயிற்று. தயிர் மணிக்கட்டைக் கடந்து முழங்கையை நோக்கி விரைந்தது. ஆயினும் சுவைக்குக் குறைவில்லை. மிளகாய் இல்லையே என்பதொன்றே நம் வருத்தம்.

கடைக்காரப் பெரியவர் எண்பதைக் கடந்தவர். 1952 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவும் கிரேக்க நாடும் செய்த குடிபெயர்வு உடன்படிக்கையின் பின்னர் கப்பலேறிய பல்லாயிரவருள் ஒருவர். அவர் தாயாரோ அதற்கு முன்னரே அகதியானவர். 1922 இல் ஸ்மிர்னா நகர் எரிந்தபோது கைக்குழந்தையாய்த் தூக்கிச்செல்லப்பட்டவர். அடுத்த ஆண்டு துருக்கிக்கும் கிரேக்கத்துக்குமிடையே மக்களை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம் உண்டாயிற்று. ஏறக்குறைய 12 இலட்சம் கிறித்தவர் கிரேக்க நாடு சேர்ந்தனர். 4 இலட்சம் வரையிலான முஸ்லிம்கள் அந்நாட்டைவிட்டு அகன்றனர். மதமொன்றே அளவுகோல். கிரேக்கமே பேசத்தெரியாத "கிரேக்கரும்" அவர்களுட் பலர் இருந்தனர் என்பதைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு நெஞ்சு கனக்கும்.

அவ்வகதிகளோடு வந்த உணவுகளுள் இதுவும் ஒன்று. துருக்கியர் இதனை "டோனர்" என்பர். சுழல்வது என்பது பொருள். கிரேக்கரும் முன்னர் அப்பெயரையே வழங்கினர். பின்னர் பகைமை முற்றிய காலத்தில் அதனைத் தம் மொழியில் "ஈரோஸ்" என ஆக்கிக்கொண்டனர். அதற்கும் பொருள் சுழற்சியே! மெல்பேணிலோ இரண்டும் இன்றிச் "சுவ்லாக்கி" என்றே கேட்கின்றனர்.

பெரியவர் பணப்பெட்டியருகில் நின்ற பேர்த்தியிடம் கிரேக்கத்தில் ஏதோ வினவினார். அவள் ஆங்கிலத்தில் விடைபகர்ந்தாள். அவர் மீண்டும் கிரேக்கத்திலேயே தொடர்ந்தார். மருமகன் நம்மைக் கடைக்கண்ணாற் பார்த்துச் சிரித்தான், நாமும் சிரித்துவைத்தோம்.

தங்கைக்கென்று ஒரு சுருளைக் கட்டுவித்து வந்தோம். அவள் அதனைப் பிரித்துப் பார்த்துவிட்டு, முதல்நாள் அரைத்த கட்டைச் சம்பலை எடுத்து நடுவே தாராளமாக வைத்தாள். "அம்மாவுக்கு எதிலும் சம்பல் வேண்டும்" என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்த மருமகன், அதிற் பாதியைத் தானே தின்று முடித்தான்.